சாக்கடையைக் காட்டாதீர்கள், ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே பேச்சு. "எங்க அபார்ட்மென்ட்ல வந்து பாருங்க டாக்டர், ஒரு தூசி இருக்காது. எங்க பொண்ணுக்கு எப்படி டெங்கு வரும்? எல்லாம் அந்தத் தெருமுனைச் சாக்கடைதான். அங்கே புகை மருந்து அடிக்கச் சொல்லி எத்தனை தடவை மனு கொடுத்தோம் தெரியுமா?"

பதினோரு வயதுப் பெண். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்த நாளில் வயிற்று வலியோடு சுருண்டு படுத்திருக்கிறாள். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டாள். அவள் வார்டில் இருக்கும்போதே எங்கள் களப்பணியாளரோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அப்பா சொன்னது உண்மைதான், வீடு பளிச்சென்று இருந்தது. ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பின்பக்கம் தண்ணீர் சேரும் தட்டில் டார்ச் அடித்தோம். டெங்குக் கொசுவின் புழுக்கள் நெளிந்தன. வரவேற்பறையில் மணி பிளான்ட் வைத்திருந்த கண்ணாடிப் பாட்டிலில் இன்னும் கொஞ்சம். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பருவத்தில் இப்படி நான் பார்க்கும் ஏழாவது வீடு இது. ஏழாவது!

அழுக்கு இருந்தால்தான் இந்தக் கொசு வரும் என்ற நம்பிக்கையைப் படித்த குடும்பங்களில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இதே நம்பிக்கையோடு ஒரு நகரத்தையே தேய்த்துக் கழுவிவிட்டுத் திகைத்து நின்றவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சியின் முதல் நாளில் நான் சொல்வது அந்தக் கதையைத்தான்.

1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டது. சில மாதங்களில் போர் முடிந்தது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு வந்தன. கியூபாவை 1899 ஜனவரி 1 முதல் அமெரிக்க ராணுவம் ஆள ஆரம்பித்தது. அந்தப் போரில் குண்டுபட்டு இறந்த அமெரிக்க வீரர்கள் 400-க்கும் குறைவு, நோயில் இறந்தவர்கள் 2,000-க்கும் மேல். ஆகவே கியூபாவின் தலைநகரான ஹவானாவில் கால் வைத்ததுமே அவர்கள் பயந்தது மஞ்சள் காய்ச்சலுக்குத்தான். நம் ஊர் மஞ்சள் காமாலை இல்லை, இது வேறு, உயிரைக் கொல்லும் ஒரு தொற்றுக் காய்ச்சல். நூறு வருடங்களுக்கும் மேலாக அந்த ஊரை விட்டு நீங்காத நோய் அது.

அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் சீர்திருத்த அலை அடித்துக்கொண்டிருந்தது. குப்பை, கழிவுநீர், கலப்படம், குழந்தைத் தொழிலாளர் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். அதில் ஒருவர் ஜார்ஜ் வேரிங் என்ற பொறியாளர். 1878-இல் மெம்பிஸ் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் சுமார் 5,000 பேரைக் கொன்றது. அதற்கு அப்புறம் அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் இவர். 1895 முதல் நியூயார்க்கின் தெருத் துப்புரவுக்குப் பொறுப்பேற்று, பணியாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து, முழங்கால் அளவு குப்பை கிடந்த தெருக்களைச் சுத்தமாக்கிக் காட்டினார். அழுக்கிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோய் என்று உறுதியாக நம்பியவர். ஹவானாவைச் சுத்தப்படுத்தத் திட்டம் தீட்ட 1898 அக்டோபரில் அவரை அனுப்பினார்கள். ஊர் முழுக்கச் சுற்றினார், குறிப்பெடுத்தார், கப்பலேறி வீடு திரும்பினார். அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

வேரிங்கை நான் குறை சொல்லவில்லை. அவர் செய்த வேலையால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. ஆனால் அவர் தேடிய இடத்தில் அந்த நோய் இல்லை.

ஹவானாவின் தலைமைச் சுகாதார அதிகாரியாக வந்த ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸும் அதே நம்பிக்கையோடுதான் தொடங்கினார். தெருத்தெருவாகப் பெருக்கினார்கள், கழிவுகளை அள்ளினார்கள், வீடுகளுக்குள் கிருமிநாசினி தெளித்தார்கள். மொத்த இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் குறையவில்லை. ஸ்பெயினிலிருந்து புதிதாகக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்க இறங்க, 1900-இல் அது ஏறியது. அந்த ஒரு வருடத்தில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அமெரிக்க அதிகாரிகளே நல்ல வீடுகளில் இருந்துகொண்டு நோயில் படுத்தார்கள். அழுக்குதான் காரணம் என்றால், ஊர் சுத்தமான பிறகு நோய் எப்படிக் கூடும்?

விடை அதே ஊரில், அதே தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தது. கார்லோஸ் ஃபின்லே என்ற கியூப மருத்துவர் 1881-லேயே ஹவானா அறிவியல் கழகத்தில் எழுந்து நின்று, இந்த நோயைப் பரப்புவது ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கொசு என்று சொல்லிவிட்டார். இருபது வருடம் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1900-இல் வால்டர் ரீட் தலைமையில் வந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக் குழு வேறு வழிகளெல்லாம் அடைபட்ட பிறகுதான் அவரிடம் போனது. அவர் கொசு முட்டைகளை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி லசியர் அந்த ஆய்வின்போதே கொசு கடித்து, செப்டம்பர் 25 அன்று இறந்துபோனார். வயது 34.

அப்புறம் நடந்த சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் சாக்கடையைக் காட்டும் ஒவ்வொருவருக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

ஹவானாவுக்கு வெளியே ஒரு முகாம். லசியர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதில் இரண்டு சின்ன மர வீடுகள். முதல் வீட்டில் காற்றோட்டம் குறைவு, கொசு நுழைய முடியாதபடி அடைப்பு. அதற்குள் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் வாந்தியும் கழிவும் படிந்த போர்வை, தலையணை, உடைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பிரித்தார்கள். ஒரு மருத்துவரும் இரண்டு சிப்பாய்களும் தினமும் அதை உதறி, விரித்து, அதன்மேல் படுத்தார்கள். முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி, திரும்பி வந்து படுத்தவர்கள் அவர்கள். இருபது இரவுகள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அடுத்தடுத்த அணிகளுக்கும் வரவில்லை.

இரண்டாவது வீடு துடைத்து வைத்தது போல் சுத்தம். நல்ல காற்று, வெளிச்சம், கிருமி நீக்கிய படுக்கை. நடுவில் கம்பி வலைத் தடுப்பு. ஒரு பக்கம் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை விட்டார்கள், மறுபக்கம் கொசு இல்லை. கொசு இருந்த பக்கம் ஜான் மோரன் என்ற தன்னார்வலர் போய்ப் படுத்தார். நான்காம் நாள், கிறிஸ்துமஸ் அன்று அவருக்குக் காய்ச்சல் கண்டது. வலைக்கு மறுபக்கம் அதே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

மருத்துவராக எனக்கு இதில் ஒரு உறுத்தலும் உண்டு. தன்னார்வலர்களில் சிலர் கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஸ்பானிய ஏழைகள். கலந்துகொண்டால் 100 டாலர், நோய் கண்டால் இன்னும் 100. எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கினார்கள், அந்தக் காலத்தில் அதுவே புதிது. ஆனாலும் கையில் காசில்லாதவனின் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி அந்த முகாமோடு முடிந்துவிடவில்லை.

1901 பிப்ரவரியிலிருந்து கோர்காஸ் வேலை முறையை மாற்றினார். பணியாளர்கள் தெருவை விட்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். பீப்பாய், தொட்டி, ஜாடி, கவிழ்க்காமல் கிடந்த டப்பா என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்தார்கள். குடிநீர்ப் பீப்பாய்க்கு மூடி போட்டு, கீழே குழாய் வைத்தார்கள். மூட முடியாத தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டார்கள். நோயாளியின் அறைக்கு வலை அடித்தார்கள். புழு இருந்தால் அபராதம். அந்த வருடம் முழுவதும் இறந்தவர்கள் 18 பேர். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு புதிய நோயாளியே இல்லை. நூறு வருட நோய் எட்டு மாதத்தில் போயிற்று. இன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பணியாளர் கையில் வைத்திருக்கும் பதிவேடு ஹவானாவின் அந்தப் பதிவேட்டின் வாரிசு.

பனாமாவில் அதே பாடத்தைத் திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது. முதலில் கால்வாய் தோண்டப் போன பிரெஞ்சுக்காரர்கள் அங்கோன் குன்றில் அழகான மருத்துவமனை கட்டினார்கள். எறும்பு ஏறக்கூடாது என்று கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். பூச்செடிகளைச் சுற்றியும் தண்ணீர் வளையம். வேறு ஏதோ நோய்க்கு வந்தவர்கள் அங்கே மஞ்சள் காய்ச்சல் பிடித்து இறந்தார்கள். அந்த முயற்சியில் இறந்தவர்கள் 20,000-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். 1904-இல் அந்த வேலையை அமெரிக்கா எடுத்துக்கொண்டு, கோர்காஸ் அங்கே போனபோது, மேலிருந்த அதிகாரிகள் கொசுவைத் துரத்தப் பணம் கேட்கிறாரே என்று எரிச்சல்பட்டார்கள். 1905-இல் நோய் வெடித்து, அமெரிக்க ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிய பிறகுதான் கேட்டதைக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் புகை போட்டதோடு பனாமா நகருக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தது. சேமித்து வைக்கும் அவசியம் குறைந்தது. நவம்பரோடு நகரத்தில் அந்த நோய் நின்றது. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களின் நிர்வாகிகள் இந்தக் கடைசி வரிகளை இன்னொரு முறை படித்தால் எனக்கு மகிழ்ச்சி.

இதையெல்லாம் அமெரிக்காவின் கருணை என்று வகுப்பில் நான் சொல்வதில்லை. கியூபாவை விட்டு ராணுவம் வெளியேற வேண்டுமானால் பிளாட் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டத்தின் பிரிவுகளைக் கியூபாவின் அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்று 1901-இல் நிபந்தனை போட்டார்கள். அதன் ஐந்தாவது பிரிவு நகரச் சுகாதாரத்தைப் பற்றியது. நோக்கம் கியூபாவின் மக்களையும் வணிகத்தையும் காப்பது, கூடவே அமெரிக்காவின் தெற்குத் துறைமுகங்களின் வணிகத்தையும் காப்பது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பனாமாவிலும் அப்படித்தான். அமெரிக்க ஊழியர்களைக் கொன்ற மஞ்சள் காய்ச்சல் ஓடியது. பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தனிச் சம்பளப் பட்டியல், தனிக் கொட்டகை. அவர்களை நிமோனியா வாரிக்கொண்டு போயிற்று. அமெரிக்கர் காலத்தில் நோயிலும் விபத்திலும் இறந்த 5,609 பேரில் சுமார் 4,500 பேர் அவர்கள்தான். கட்டுமானத் தளத்துத் தொழிலாளர்களால்தான் கொசு வருகிறது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது சொன்னால், எனக்கு அந்தக் கொட்டகைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களுடைய தண்ணீர் டிரம்முக்கு ஒரு மூடி வாங்கிக் கொடுங்கள், பழி போட வேண்டாம்.

சரி, இங்கே வருவோம். ஹவானாவின் கொசுவும் நம் வீட்டு டெங்குக் கொசுவும் ஒன்றே, ஏடிஸ் எஜிப்டி. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் பரவியதில்லை. ஆனால் கொசு இங்கே இருக்கிறது, அதனால்தான் அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறோம். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ். சாக்கடையைச் சுத்தம் செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். டெங்குவுக்கு அது போதாது, அவ்வளவுதான்.

வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் காலி செய்து, உட்பக்கச் சுவரை நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது. ஃபிரிட்ஜ் தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, மணி பிளான்ட் பாட்டில், எறும்புக்காக அலமாரிக் காலடியில் வைத்த கிண்ணம், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, புழங்காத கழிப்பறையின் தண்ணீர்ப் பெட்டி. இந்தக் கொசு பகலில் கடிப்பது. குழந்தை மத்தியானம் தூங்கினாலும் வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் இறங்கும் இரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, அளவுக்கு மீறிய சோர்வு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்கு வாருங்கள். நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம் என்று காத்திருந்து வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் களப்பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நாளைக்குப் பல மாடி ஏறி இறங்குகிறார்கள். "எங்க வீட்ல எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து உள்ளே கூப்பிடுங்கள். அவரிடம் டார்ச் இருக்கும். ஃபிரிட்ஜை நகர்த்த மட்டும் ஒரு கை கொடுங்கள்.