எக்ஸ்ரே நார்மல், மூக்கு மட்டும் அடைச்சிருக்கு

திருவல்லிக்கேணில இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பையன் தெரு கிரிக்கெட்ல மூக்குல பந்து அடி வாங்கிட்டானாம், எக்ஸ்ரேல எலும்பு உடையலன்னு சொல்லிட்டாங்களாம், ஆனா மறுநாள்ல இருந்து ரெண்டு பக்கமும் அடைச்சிருக்காம், சளிதானேன்னு. சளியாவும் இருக்கலாம்ங்க, ஆனா அடிபட்ட மூக்குல அப்படி நெனச்சு விட்டுடாதீங்க, இன்னைக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

மூக்குல மேல்பக்கம் மட்டும்தான் எலும்பு. கீழ விரலால ஆட்டினா ஆடுதே, அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேல தெரியாது. ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல நிக்கிற சுவரும் முன்பக்கம் அதேதான்.

இந்தக் குருத்தெலும்புக்குள்ள ஒரு ரத்தக்குழாய் கூட கிடையாது! ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற மெல்லிசான சவ்வுலதான் ரத்தம் ஓடுது, அதுல இருந்து கசிஞ்சு வர்றதுதான் உள்ள இருக்கிற செல்லுக்கு சாப்பாடு. பந்து பட்டதும் குருத்தெலும்பு வளைஞ்சு நிமிருது, சவ்வு கூட வர முடியாம பிரிஞ்சுடுது, குட்டி குட்டி குழாய்ங்க அறுந்து ரத்தம் அந்த இடுக்குல தேங்கி சவ்வை இன்னும் தள்ளி விடுது. சுத்தி ரத்தம் நிக்குது, குருத்தெலும்புக்கு மட்டும் பட்டினி. வெள்ளத்தப்போ வேளச்சேரில வீட்டைச் சுத்தி இடுப்பளவு தண்ணி, குடிக்க ஒரு குடம் இல்ல, அதே கதைதான். மூணு நாலு நாள் இப்படியே போச்சுன்னா செல் செத்துடும், சீழ் பிடிக்கலாம், அப்புறம் மூக்குத்தண்டு நடுவுல உள்வாங்கிடும்.

கண்டுபிடிக்க ஸ்கேன்லாம் வேணாம். டாக்டர் லைட் அடிச்சுப் பாப்பார், நடுச்சுவர் செக்கச்செவேல்னோ ஊதாவாவோ புடைச்சிருக்கும், பஞ்சு சுத்துன குச்சியால அழுத்துவார். சாதாரணமா கெட்டியா இருக்க வேண்டிய சுவர் மெத்துனு அமுங்கும். அடைப்புக்குப் போடுற சொட்டு மருந்து விட்டாலும் இந்த வீக்கம் வத்தாது.

சவ்வைக் கீறி ரத்தத்தை வெளியேத்திட்டு, சவ்வு திரும்ப ஒட்டிக்கணும்னு சுவருக்குக் குறுக்க தையல் போடுவாங்க, இல்ல ரெண்டு துவாரத்துலயும் துணி மாதிரி அடைச்சு வைப்பாங்க (பேக்னு சொல்வாங்க). ஆன்டிபயாடிக் உண்டு. திரும்ப ரத்தம் சேரலாம், அதனால ஒண்ணு ரெண்டு நாள்ல மறுபடி வரச் சொல்வாங்க, போயே ஆகணும்.

திருஷ்டி சுத்திப் போடுறதா இருந்தா போடுங்க, மொளகா நெடில பையன் தும்மாம பாத்துக்கோங்க. எண்ணெய் தடவி மூக்கை நீவி விடுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உள்வாங்கின மூக்கை காது இல்லனா விலா குருத்தெலும்பை எடுத்து நிமித்துறாங்க. சுவிட்சர்லாந்துல பாசல் ஊர் ஆராய்ச்சியாளருங்க 2014ல வெளியிட்டது இன்னும் ஒரு படி மேல, நோயாளியோட நடுச்சுவர்ல இருந்தே துளி எடுத்து லேப்ல வளத்து, தோல் கேன்சர் ஆபரேஷன்ல மூக்கு மடல் போன 5 பேருக்கு வச்சிருக்காங்க. மூக்கை ஒட்ட வைக்கிற வித்தையை சுஸ்ருதர் எழுதி வச்சுட்டுப் போனாருன்னு மேடைக்கு மேடை பேசுறோமே, அந்த ஆர்வத்துல பாதியை இந்த மாதிரி லேபுக்குப் பணம் ஒதுக்குறதுல காட்டலாம்.