கண் வலித்தால் எவ்வளவு பயப்படலாம்?

கண்ணில் தூசி விழுந்தால் கை தானாகப் போய்க் கசக்கும். எனக்கும் ஒருமுறை அப்படித்தான். காற்றில் பறந்து வந்த ஏதோ ஒன்று வலது கண்ணில் விழுந்தது. கசக்கினேன், நீர் கொட்டியது, மறுபடி கசக்கினேன். ராத்திரிக்குள் கண்ணுக்குள் செங்கல் துண்டே கிடப்பது போல உறுத்தல். மறுநாள் காலையில் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. பார்வை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் மருத்துவரிடம் போனேன்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆரஞ்சு நிறச் சாயம் ஏற்றிய காகிதப் பட்டையின் நுனியை நனைத்து, கீழ் இமைக்குள் லேசாகத் தொட்டு எடுத்தார். அப்புறம் நீல வெளிச்சத்தை அடித்து, கண்ணைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) மேல்பாதியில் பென்சிலால் கிழித்தது மாதிரி நேர்குத்தாக நான்கைந்து கோடுகள், பளிச்சென்ற பச்சையில். மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும்தான் அந்தச் சாயம் பிடித்துக்கொண்டு ஒளிரும். “கோடு மேலும் கீழுமா இருக்குன்னா, ஆள் மேல் இமைக்கு அடியில உட்கார்ந்திருக்கார்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டே, ஒரு பஞ்சுக்குச்சியை இமை மேல் வைத்து இமையைப் புரட்டினார். கரும்புள்ளி ஒன்று. ஒரே தடவலில் வந்துவிட்டது. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

மேல் இமையின் உட்புறத்தில், விளிம்பிலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, வாய்க்கால் மாதிரி ஒரு சின்னப் பள்ளம் ஓடுகிறது. தூசி போய் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். அங்கே மாட்டிவிட்டால் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியில் ஒரு கோடு விழும். கசக்கினாலோ, உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்த கதை. செங்கல் துண்டு போல வலித்த அந்தக் காயம் இரண்டே நாளில் தடம் தெரியாமல் ஆறிவிட்டது.

இவ்வளவு சின்னக் கீறலுக்கு ஏன் அவ்வளவு வலி? கருவிழியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் சொச்சம். அதன் மேல்தோல் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஆனால் தோலில் இருப்பதைவிடச் சில நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு முனைகள் அங்கே குவிந்திருக்கின்றன. ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் ஒளி தடையில்லாமல் உள்ளே போக முடியாது. விழித்திருக்கும்போது தனக்கான ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. மேல்தோலில் கீறல் விழுந்தால் பக்கத்து செல்கள் தட்டையாகி, நகர்ந்து வந்து, இடைவெளியை மூடிவிடும். சின்னக் கீறல் என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாள் போதும்.

கருவிழியைத் தாண்டி உள்ளே போனால் கதை மாறுகிறது. கண்ணின் லென்ஸுக்கு வலிக்காது. விழித்திரைக்கும் வலிக்காது, வலியைச் சொல்லும் நரம்பே அவற்றில் இல்லை. அதாவது கண்ணின் வலி என்பது பெரும்பாலும் வாசல் மணி. வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டவன் மணியடிக்க மாட்டான்.

சாதாரணத் தூசிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது கொஞ்சம்தான். முதலில் கையைக் கழுவுங்கள். சுத்தமான தண்ணீரை விட்டுக் கண்ணை அலசுங்கள். போகவில்லையென்றால் மேல் இமையின் முடியைப் பிடித்து, கீழ் இமைக்கு மேலே இழுத்துவிடுங்கள். கீழ் இமையின் முடிகளே துடைப்பம் மாதிரி உள்பக்கத்தைத் துடைத்துவிடும். வாயால் ஊதுவது வேண்டாம், எச்சிலில் உள்ள கிருமிகள்தான் போய்ச் சேரும். கருவிழி மேலேயே ஏதாவது குத்தி நின்றால் தொடவே கூடாது.

இப்போது நேரெதிர் ஆளுக்கு வருவோம். சுத்தியலால் உளியை அடிக்கிறார் ஒருவர். சுருக்கென்று ஏதோ பட்டது போல இருந்தது, ஒரு சொட்டுக் கண்ணீர், அவ்வளவுதான். கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, பார்வை லேசாக மங்கல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். ஆனால் இரும்போடு இரும்பு மோதித் தெறிக்கும் சில்லு, சின்ன தோட்டா மாதிரி. கருவிழியை ஊசிமுனை அளவுக்குத் துளைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடும். வெளிக்காயம் கண்ணுக்கே புலப்படாது. நடுவிலுள்ள கருப்புப் பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்து, நீர்த்துளி வடிவில் தெரிந்தால் விழி ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டாலும், சுத்தியல் அடிக்கும்போதோ அரைக்கும் இயந்திரத்தின் அருகிலோ கண்ணில் ஏதாவது பட்டால் அன்றைக்கே காட்டியாக வேண்டும். உள்ளே தங்கும் இரும்பு துருப்பிடித்து விழித்திரைக்கு விஷமாகும்.

துளைத்த கண்ணை அலசக் கூடாது, துடைக்கக் கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கவும் கூடாது, அடைப்பாக இருப்பதே அதுவாக இருக்கலாம். கட்டுப் போடுகிறேன் என்று பஞ்சை வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கிவிடும். ஒரு காகிதக் கப்பைக் கண் மேல் கவிழ்த்து, அதன் விளிம்பு சுற்றியுள்ள எலும்பில் மட்டும் படும்படி டேப் ஒட்டி அழைத்துப் போங்கள். பாவம் என்று தண்ணீர், சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கலாம்.

முதலுதவி செய்பவரின் கையில் ஒரு கண்ணின் எதிர்காலமே இருக்கிறது என்று சொல்லத்தக்க சந்தர்ப்பம் ஒன்றுதான்: ரசாயனம் பட்ட கண். இங்கே மருத்துவமனைக்கு ஓடுவது இரண்டாவது வேலை, தண்ணீர்தான் முதல் வேலை.

அமிலம் என்றால் எல்லோரும் பதறுகிறோம். சுண்ணாம்பு, சிமென்ட், சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி, அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் இவையெல்லாம் காரங்கள். இவற்றைக் கண்டு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. உண்மை தலைகீழ். அமிலம் பட்டதும் மேற்பரப்பிலுள்ள புரதம் முட்டை வெந்தது போல உறைந்துவிடும். அந்த உறைந்த அடுக்கே அமிலம் மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அப்படித் தடை கிடையாது. செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே போகும். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பு ஆகும் அதே வேதிவினைதான், கண்ணுக்குள் நடக்கிறது. நிமிடக் கணக்கில் கருவிழியைக் கடந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. காரம் பட்ட கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தால் ஓரளவு நல்ல சகுனம், ரத்தக்குழாய்கள் பிழைத்திருக்கின்றன. கருவிழியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இருந்தால் அங்குள்ள குழாய்களே வெந்துபோயின என்று பொருள். கருவிழிக்குப் புதுத் தோலைக் கொடுக்கும் மூல செல்கள் இருப்பதும் அந்த ஓரத்தில்தான். நரம்பும் சேர்ந்து பொசுங்கியிருந்தால் வலிகூடக் குறைவாக இருக்கும். சிவப்பும் இல்லை, வலியும் அவ்வளவாக இல்லை, அப்பாடா என்று நினைத்தால் போச்சு.

பொடியாக இருந்தால் முகத்திலும் இமையிலும் ஒட்டியிருப்பதை முதலில் தட்டிவிடுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீரை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வழியும் ரசாயனம் நல்ல கண்ணுக்குப் போய்விடும். குழாய்த் தண்ணீர் போதும், மருந்துத் தண்ணீரைத் தேடி அலைய வேண்டாம். அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார். இமைகள் இறுக்கி மூடிக்கொள்வது அனிச்சைச் செயல், அவரால் தடுக்க முடியாது. இன்னொருவர்தான் விரலால் இமைகளைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் சுலபமாக வந்தால் எடுத்துவிடுங்கள், வராவிட்டால் அதற்காக நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு நேரம்? குறைந்தது 20 நிமிடம். காரம் என்றால் அரை மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், இரண்டு நிமிடம் ஊற்றியதுமே ரொம்ப நேரம் ஆன மாதிரிதான் இருக்கும். காரத்துக்கு எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகிவிடுமே என்று பள்ளிக்கூட வேதியியலைச் சோதித்துப் பார்க்க இது இடமில்லை. அந்த வினையில் வெப்பம் வேறு கிளம்பும். மருத்துவமனையிலும் முதலில் நிறம் மாறும் காகிதத்தைக் கண்ணில் தொட்டு, அமில-கார அளவு (pH) கண்ணீருக்குரிய ஏழு சொச்சத்துக்கு வரும்வரை அலசிக்கொண்டேதான் இருப்பார்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், திசுவுக்குள் ஊறியது திரும்பக் கசியும் என்பதால்.

பந்து, முழங்கை, குத்து மாதிரி மொத்தையாக அடிபட்டால், துணியில் சுற்றிய ஐஸை விழியை அழுத்தாமல் சுற்றிலும் வையுங்கள். இமை கறுத்து வீங்குவது சில நாளில் வடிந்துவிடும். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் மட்டம் கட்டி நின்றாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும். ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தக் கசிவு கூடும். சில நாளோ வாரமோ கழித்துக்கூட மின்னல் வெட்டுவது போலவும் கருப்புப் பொட்டுகள் மிதப்பது போலவும் தெரிந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அதற்கும் வலி இருக்காது.

தொற்றுக்கு வந்தால், கண் சும்மா இருப்பதில்லை. கண்ணீரில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது, பாக்டீரியாவின் சுவரையே கரைக்கும். 1922-இல் அதை அறிவித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டுமென்று எலுமிச்சைத் தோலைப் பிழிந்து உடன் இருந்தவர்களை அழவைத்தார். அவர் பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய கதை அது. ஆனால் லைசோசைம் வைரஸை ஒன்றும் செய்யாது. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலி பெரும்பாலும் அடினோவைரஸின் வேலை. நீராக வடியும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும், ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். பார்த்தால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை உறை வழியாக ஒட்டும். கருப்புக் கண்ணாடி கூச்சத்துக்குத்தான், ஊரைக் காப்பதற்கு இல்லை. மஞ்சளாகக் கெட்டிப் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம், அரிப்புதான் பிரதானம் என்றால் ஒவ்வாமை. பிறந்த குழந்தைக்குப் பீளை தள்ளினால் அன்றே மருத்துவர். கண்கட்டிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், நாளைக்கு மூன்று நான்கு முறை; பிதுக்க வேண்டாம்.

சிவப்பின் அளவும் ஏமாற்றும். இருமியதில் ஒரு சின்னக் குழாய் வெடித்து வெள்ளை விழி பாதி ரத்தமாக இருக்கும். பார்ப்பவர்கள் அலறுவார்கள், அது ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரின் லேசான சிவப்பும் வலியும்தான் என்னைக் கவலைப்படுத்தும். லென்ஸுக்கு அடியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்தால் ஓரிரு நாளில் கருவிழியை அரித்துவிடும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கூச்சம், இமைத்தாலும் போகாத மங்கல் இவை எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுவது இன்னொரு ஆபத்து. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் சிவப்பு மளமளவென்று குறையும், ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ அதே மளமளவில் பரவும்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. புற ஊதாக் கதிரில் வெந்த மேல்தோல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துதான் உதிரத் தொடங்கும். நடுராத்திரியில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எழுந்து உட்காருவார். ஓரிரு நாளில் ஆறிவிடும் காயம்தான், ஆனால் துடிப்பவருக்கு அது புரியாது. அவர் கேட்பது மரத்துப்போகச் செய்யும் சொட்டு. 1884-இல் கண் மருத்துவர் கார்ல் கோலர் கோகெய்ன் கரைசலை விட்டுக் கருவிழியை மரக்கவைத்துக் காட்டியதிலிருந்து இந்த வகை மருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டால் அரை நிமிடத்தில் சொர்க்கம். தொடர்ந்து விட்டால் புதுத் தோல் வளராது, உணர்வில்லாத கண் சரியாக இமைக்காது, கடைசியில் கருவிழியே கரைந்து ஓட்டையாகிவிடும். அதனால்தான் பரிசோதிக்கும்போது ஒரு சொட்டு விடும் மருத்துவர், எவ்வளவு கெஞ்சினாலும் பொதுவாக அந்தப் புட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை.