அங்கன்வாடி பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர்: எதைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்?

சித்திரை வெயில் ஏறியதும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கமெல்லாம் இரண்டு மனுக்கள் வரும். ஒன்று, லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றவில்லை என்று. இன்னொன்று, எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காதீர்கள், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு தாக்கும் என்று. பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் பயம் தவறான இடத்தில் நிற்கிறது.

எத்தனை முறை சொன்னாலும் இந்தக் "கதிர்வீச்சு" போக மாட்டேன் என்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எக்ஸ்ரே போல உயிரணுவைச் சிதைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. செல்போன் டவரோடு சேர்த்துப் பேசுவதும் தவறு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் காந்தப்புலம் உண்டு, சில மீட்டர் தள்ளினாலே வேகமாகக் குறைந்துவிடும். பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). தலைமுடி உலர்த்தும் டிரையர் 3 செ.மீ. தூரத்தில் 6 முதல் 2000 வரை காட்டும். 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்தது, அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. பிள்ளைகள் தூங்கும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள் என்று கேளுங்கள். அது சரியான கோரிக்கை. தெருவுக்கே வேண்டாம் என்பது வேறு.

தெரு நடுவில் வைத்தால் லோடு இரண்டு பக்கமும் பிரியும். உங்கள் எதிர்ப்பால் தெருக்கோடிக்குத் தள்ளினால் மொத்த லோடும் ஒரே பக்கம் ஓடும். 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு லோடில் ஃபேசுக்கு ஏறக்குறைய 133 ஆம்பியர். முதல் சில வீடுகளுக்கு முன்னால் நீங்கள் பயந்த காந்தப்புலம்தான் கூடுகிறது, கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் கருகுகிறது.

உயிரை எடுப்பது வேறு. பழுதான எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பு. கோடையில் நம் மண் காய்ந்து இறுகினால் எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா, கம்பத்திலிருந்து இறங்கும் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து தொங்குகிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் தொடாதீர்கள், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

மனுவில் எழுத வேண்டியவை இவை: பூட்டுள்ள வேலி, ஏறவிடாத முள்கம்பி, அபாயப் பலகை, கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் இன்சுலேட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் உலோக பாடிக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு எர்த். 11 கேவி (11,000 வோல்ட்) கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி. அங்கன்வாடி வாசல் டிரான்ஸ்ஃபார்மர் வரும் பக்கம் இருந்தால், இடத்தைத் தெருக்கோடி வரை போகாமல் சற்றுத் தள்ளக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் வரைபடத்தோடு கொடுங்கள்.

நீங்களும் பால்கனியைக் கம்பி வரை இழுத்துக் கட்டாதீர்கள். ஆட்டையோ மாட்டையோ மின்கம்பத்தில் கட்டாதீர்கள். ஸ்டே கம்பியில் துணிக்கொடி கட்டியிருந்தால், தயவுசெய்து மழை வருவதற்குள், மண்ணும் கம்பியும் காய்ந்திருக்கும்போதே லைன்மேனை அழைத்து அவிழ்க்கச் சொல்லுங்கள்.