வீட்டைச் சுற்றி ஓர் அகழி

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் அகழி சூழ்ந்த பழைய வீட்டு மனைகள் 5,000க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டவை. அங்கே குடியிருந்தவர்கள் ஊர் நிலக்கிழார்கள். நடு இங்கிலாந்தின் ஆர்டன் காட்டுப் பகுதியில் காடு திருத்திய விவசாயிகளும் அகழி வெட்டிக்கொண்டார்கள்.

கிழக்கு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ், சஃபோக் பக்கம் இவை நெருக்கமாக இருப்பதற்கு மண்தான் முதல் காரணம். அங்கே கெட்டியான களிமண். பள்ளம் தோண்டினால் மழைநீர் கீழே இறங்காமல் அப்படியே நிற்கும். ஆனால் அதே மண்ணில் வீடு கட்டினால் மழைக்காலம் முழுக்கத் தரை சொதசொதவென்று கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி அகழிதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 50 மீட்டர் சதுர மனை, சுற்றிலும் 8 மீட்டர் அகலப் பள்ளம், சராசரி ஆழம் 1 மீட்டர். தோண்டிய மண்ணை உள்ளே பரப்பினால் மனை முக்கால் மீட்டர் உயர்ந்துவிடும். மேட்டில் வடிகிற நீர் அகழிக்குப் போகும், அங்கே மிஞ்சுவது மதகு வழியாக வெளியேறும்.

சரி, எதிரி வந்தால்? படையை இது தடுக்காது. திருடனையும் மேயவரும் மாட்டையும் தடுக்கும். அதைவிடப் பெரிய பயன் ஊராருக்கு முன்னால் கிடைத்த கௌரவம் என்றே நினைக்கிறேன். கோட்டை மதிலின் உச்சியில் இருப்பது போன்ற பல் வரிசையைக் கட்ட அன்று அரசரின் அனுமதி வேண்டியிருந்தது. அகழிக்கு அது தேவைப்படவில்லை. கோட்டை கட்ட வசதியில்லாதவரும் கோட்டையின் சாயலைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். குத்தகை கட்டவும் வழக்குச் சொல்லவும் வருகிற குடியானவர், அந்த ஒற்றைப் பாலத்தைக் கடந்துதான் கூடத்துக்குள் நுழைய வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி கூடாது என்பது அன்றைய கிறிஸ்தவ விதி என்பதால் பல வீடுகளில் அகழியில் மீனும் வளர்த்தார்கள். கழிவறையும் சில இடங்களில் அகழியில்தான் திறந்தது. வார்விக்ஷயரின் பேடஸ்லி கிளின்டன் வீட்டில் 1591இல் சோதனை நடந்தபோது, அப்போது நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்கள் பழைய கழிவுநீர்ப் பாதையில்தான் தண்ணீரில் நின்றபடி ஒளிந்திருந்தார்கள்.

அகழியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் புகாது. அதனால் தோல் செருப்பு, விதைகள், பாலத்தின் ஓக் கட்டைகள் எல்லாம் மட்காமல் கிடைக்கின்றன. கட்டையின் வளையங்களின் அகல வரிசையை ஆண்டு தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டு, மரம் வெட்டிய ஆண்டையே சில சமயம் சொல்லிவிடலாம். 20ஆம் நூற்றாண்டில் எத்தனையோ அகழிகளை உழவுக்காகத் தூர்த்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். நீரை வடித்துக் காற்று உள்ளே போனால், 700 ஆண்டு தாங்கிய கட்டையும் மட்கத் தொடங்கிவிடும்.