சிமெண்ட் கூடினால் அடுப்பு நிற்காது

இந்த வருஷத்தில் இது நான்காவது. போன வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். செங்கல்லில் கட்டிய பீட்சா அடுப்பு, கட்டி முடித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை அழைத்து, வாய் நிறையச் சவுக்கு விறகை அடுக்கி, முதல் தீயையே முழுத் தீயாகப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம். ஒரு செங்கல்லின் முகம் பிளந்து சில்லு வெளியே பறந்திருக்கிறது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் புருவத்துக்கு மேல் மூன்று தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

நான் கட்டடப் பொறியாளர். 22 வருஷமாகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு கட்டுகிறேன், பழைய வீடுகளைச் செப்பனிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு தோட்டத்தில் பீட்சா அடுப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நான் பார்க்கப் போகிற அடுப்புகளில் பாதி, கட்டியவுடனே இடிக்க வேண்டியவை. நான்கு வீட்டிலும் இடிக்க வேண்டிய காரணம் ஒன்றே: கலவையில் கூடிப்போன சிமெண்ட்.

அந்த வீட்டுக்காரர் என்னிடம் முதலில் சொன்னது இது: "சார், கலவையில ஒரு குறையும் வைக்கல. மேஸ்திரி ஒரு பங்கு சிமெண்டுக்கு அஞ்சு பங்கு மணல், ஒண்ணுக்கு அஞ்சு போதும்னாரு. நான்தான் விடாம ஒண்ணுக்கு மூணு போட வச்சேன்."

நான் பதில் சொல்லவில்லை. கார் சாவியை எடுத்து அடுப்பு வாயின் உட்பக்கம், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருந்த கலவையை மெதுவாகச் சுரண்டினேன். ஒரே ஒரு தடவை எரிந்த அடுப்பு அது. கலவை திருநீறு மாதிரிக் கொட்டியது. அவர் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிமெண்ட் கூடப் போட்டால் கெட்டி என்பது சுவருக்கு, தூணுக்கு, தளத்துக்குச் சரி. அங்கேகூட ஓரளவுக்குத்தான். அடுப்புக்குள் அது அப்படியே தலைகீழ். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாக மாறுவதால். நீங்கள் தொட்டுப் பார்க்கும் அந்தக் கெட்டித்தனத்துக்குள் தண்ணீர் ஒரு அங்கமாகவே இருக்கிறது. சூடு 100 டிகிரியைத் தாண்டினால் அந்த நீர் பிரியத் தொடங்கும். 300-ஐத் தாண்டினால் பலம் வேகமாகச் சரியும். 400-க்கும் 500-க்கும் நடுவில், சிமெண்ட் இறுகும்போது உள்ளே உண்டான சுண்ணாம்பு சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். நாப்போலி முறைப் பீட்சா ஒன்றரை நிமிஷத்தில் வேக வேண்டுமானால் அடுப்பின் தரை ஏறக்குறைய 400 டிகிரியிலும், மேலே கவிந்திருக்கும் டோமின் உட்பக்கம் 480-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். தீ நேரடியாக நக்கும் இடத்தில் இன்னும் அதிகம். அதாவது நீங்கள் விரும்பும் பீட்சாவுக்குத் தேவையான அதே சூடுதான் நீங்கள் நம்பிய சிமெண்டைக் கொல்லும் சூடு. மூட்டை கூடினாலும், விலை உயர்ந்த பிராண்டு வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதோடு முடிவதில்லை. எரித்து ஆறிய பிறகு அந்தச் சுட்ட சுண்ணாம்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி ஊதும். நம் ஊர்க் கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, உப்பு ஜாடியே இங்கே கசியும். ஊதும்போது மிச்சம் இருக்கும் பிடிப்பையும் உடைத்துவிடும். "எரிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு சார், பத்து நாள் கழிச்சுதான் உதிருது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொன்று. செங்கல் சூட்டில் நீளும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கலவை கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் டோம் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். ஒன்றுக்கு மூன்று கலவை விட்டுக் கொடுக்காது. அப்போது செங்கல் உடையும், அல்லது டோமின் உச்சியிலிருந்து வாய் வரை ஒரு கீறல் ஓடும். லாஸ்பேட்டையில் இரண்டுமே நடந்திருந்தது. பாவம் அந்த மேஸ்திரி, ஒன்றுக்கு ஐந்து என்று அவர் சொன்னதும் தப்புதான், ஆனால் வீட்டுக்காரர் சொன்னதைவிடக் குறைந்த தப்பு.

அப்படியானால் என்ன போடுவது? ஃபயர் கிளே என்கிற சூடு தாங்கும் களிமண், சுண்ணாம்பு, மணல். ஒரு பங்கு ஃபயர் கிளே, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு நன்றாகச் சலித்த மணல். டோமுக்குக் கீழே கொடுத்த முட்டு எடுக்கும்வரை பிடித்து நிற்கட்டும் என்று இதில் ஒரு பங்கு சிமெண்ட் சேர்ப்பவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்தச் சிமெண்ட் சில தீயில் செத்துப்போகும், அதன் பிறகு தாங்குவது சுண்ணாம்பும் களிமண்ணும்தான் என்று தெரிந்து சேர்த்தால் சரி. பிரெஞ்சுக்காரர் தெருக்களில் பழைய வீடுகளின் சுவரைப் பிரிக்கும்போதெல்லாம் சுண்ணாம்புக் காரையைப் பார்க்கிறேன். நூறு வருஷம் தாண்டியும் செங்கல்லை விடாமல் பிடித்திருக்கும், ஆனால் செங்கல்லை உடைக்காமல் பிரிக்கவும் முடியும். அந்தக் குணம்தான் அடுப்புக்கு வேண்டும். உட்பக்கம் மூட்டு மெல்லியதாக இருக்கட்டும், 3 முதல் 5 மில்லிமீட்டர். அடுப்பைத் தாங்குவது செங்கல்லின் நெருக்கம், கலவையின் கனம் அல்ல. கடற்கரை மணலைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் உப்பு ஈரத்தை விடவே விடாது.

செங்கல் விஷயத்தில் நான் அவ்வளவு கடுமை காட்ட மாட்டேன். ஃபயர் பிரிக்ஸ், அதாவது சூடு தாங்கும் செங்கல், நல்லது. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் பக்கத்திலேயே இருக்கும் மாவட்டத்துக்காரர்கள் நாம், தேடினால் கிடைக்கும். பணம் இடித்தால் தரைக்கும் டோமின் உள்முகத்துக்கும் மட்டும் அதைப் போட்டு, வெளிச்சுற்றுக்கு நாட்டுச் செங்கல் வைக்கலாம். நன்றாக வெந்த செங்கல்லாகப் பாருங்கள். இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். தட்டையாகச் சத்தம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் கடப்பா கல்! அடுப்புத் தரைக்குக் கடப்பா கல் போட்ட வீட்டை இதுவரை மூன்று பார்த்துவிட்டேன். சமையல் மேடையில் மிச்சமானது, வழவழப்பாக இருக்கிறது, அதனால் போட்டோம் என்கிறார்கள். அது சுண்ணாம்புக்கல். அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குக்குள் ஈரம் இருக்கும், சூட்டில் தகடு தகடாகத் தெறிக்கும். கிரானைட்டும் வேண்டாம். புகைபோக்கிக்கு ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். சூட்டில் வெடிக்கும், வெடித்தால் அந்த நாரைத்தான் சுவாசிப்பீர்கள். ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அதைத் தீக்குப் பக்கத்தில் வைத்தால் மேலிருக்கும் துத்தநாகம் புகையாகி, அன்றைக்கு ராத்திரியே குளிர் காய்ச்சல் வரலாம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், இல்லையென்றால் செங்கல்லிலேயே கட்டிவிடுங்கள்.

சரி, கலவையும் கல்லும் சரியாக இருந்தால் அந்தப் பையனுக்கு அடிபட்டிருக்காதா? பட்டிருக்கும். அது ஈரத்தால் வந்தது.

வீடு கட்டும்போது பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் அடிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் அடுப்புக்கும் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து அடித்திருக்கிறார்கள். ஏழு நாள் தண்ணீர், ஐந்து நாள் இடைவெளி, அப்புறம் முழுத் தீ. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். செங்கல்லுக்குள் அதற்கு எங்கே இடம்? வில்லியனூரில் சுடுமண் சிலை செய்பவர்களைப் போய்ப் பாருங்கள். இன்னும் சுடாத பச்சை மண் குதிரையை வெயிலில்கூட உடனே வைக்க மாட்டார்கள். நிழலில் நாள் கணக்கில் போட்டு, பிறகு வெயில் காட்டி, சூளையிலும் முதலில் வெறும் புகைதான் காட்டுவார்கள். ஈரத்தோடு சூளைக்குள் போனது வெடிக்கும் என்று அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். உங்கள் அடுப்பும் அந்தப் பச்சைக் குதிரை மாதிரிதான்.

கட்டி முடித்த பிறகு, ஓர் ஈரச் சாக்கை மேலே இரண்டு நாள் போர்த்தினால் போதும். அப்புறம் பத்து நாளாவது நிழலில் சும்மா விடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூட. அதன் பிறகு ஏழு நாள் சின்னத் தீ. முதல் நாள் நாலு சுள்ளி, 100 டிகிரி, நாலைந்து மணி நேரம். அடுத்த நாள் 150. தினம் ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள். தூரத்திலிருந்து சூடு காட்டும் இன்ஃப்ராரெட் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கைக்கணக்கை நம்ப வேண்டாம். 300 டிகிரியைத் தாண்டுகிறவரை யாரையும் விருந்துக்குக் கூப்பிடாதீர்கள். வீட்டில் ஆள் காத்திருந்தால் கை தானாக விறகைக் கூட்டும், அதனால் சொல்கிறேன்.

கூரை போடாமல் அடுப்பு கட்டாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நமக்கு மறந்திருக்காது. அதில் நனைந்த ஓர் அடுப்பைப் பொங்கலுக்கு அப்படியே பற்றவைத்து உள்தரை முழுக்கப் பிளந்துபோன வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பழைய அடுப்புக்கும் இரண்டு மூன்று நாள் சின்னத் தீ காட்ட வேண்டும். அடித்தளம் உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மொட்டை மாடியில் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூடாது. ஒரு மீட்டர் அகல அடுப்பு, மேடையோடு சேர்த்து ஒரு டன்னைத் தாண்டும்.

வாயைக் கிழக்கே பார்த்து வைக்காதீர்கள். நீங்கள் அடுப்பு மூட்டும் சாயங்கால நேரத்தில்தான் கடல்காற்று வரும், தீயைத் தள்ளி உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். தென்னைக்குக் கீழே வேண்டாம். பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகையை ஒட்டி வேண்டவே வேண்டாம். பெயிண்ட் அடித்த பலகை, ப்ளைவுட், பார்சல் பெட்டிக் கட்டை எதுவும் உள்ளே போகக் கூடாது, அந்தப் புகை நேராக ரொட்டியில் உட்காரும். பெட்ரோல், தின்னர் ஊற்றிப் பற்றவைப்பவர்களிடம் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் தடுக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தரையில் ஒரு கோடு போடுங்கள். வாயிலிருந்து ஐந்தடி. அதைத் தாண்டக் கூடாது என்று பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அம்மா, அப்பா, தாத்தா, யாராக இருந்தாலும் சரி. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

லாஸ்பேட்டை அடுப்பை இடித்துவிட்டோம். செங்கல்லில் முக்கால்வாசி தேறியது. அதே மேஸ்திரிதான் மறுபடி கட்டினார், சுண்ணாம்புக் கலவையில். அவருக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவருடைய அப்பா சுண்ணாம்பில் வேலை செய்தவராம். இந்த முறை ஹோஸைச் சுருட்டி மாடியில் வைத்துவிட்டார்கள். நான் அடுத்த மாதம் முதல் தேதி போகிறேன், முதல் தீக்கு, நாலு சுள்ளியோடு. தையல் பிரித்த அந்தப் பையன் சூடு பார்க்கும் கருவியைத் தானே பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.