பிரேக் மிதி மெல்ல இறங்குவது ஏன்?

வண்டி நிற்கும்போது ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தும் பிரேக் மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. ஆனால் வெளியே எங்கும் ஒழுகலில்லை, தொட்டியில் பிரேக் ஆயிலும் குறையவில்லை. அப்படியானால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் உருளை) இருக்கும் ரப்பர் கப், அதாவது கசிவைத் தடுக்கும் கிண்ண வடிவ அடைப்பு, பழுதாகியிருக்கும்.

மிதியோடு இணைந்த தண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முகப்பிலுள்ள கப், தொட்டியிலிருந்து வரும் நுண்துளையைக் கடந்ததும், அதற்கு முன்னாலுள்ள திரவம் அடைபட்டு அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. 20 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனை 800 நியூட்டன் விசை தள்ளினால் ஏறத்தாழ 25 பார் (அழுத்த அலகு) அழுத்தம் உண்டாகும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி அதே அழுத்தம் சக்கரத்திலுள்ள 50 மி.மீ. பிஸ்டனைச் சுமார் 5,000 நியூட்டன் விசையோடு தள்ளும். கப்பின் உதடு, அழுத்தம் ஏற ஏறச் சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்படி வார்க்கப்பட்டது. உதடு தேய்ந்தாலோ சுவர் அரித்தாலோ திரவம் கப்பைத் தாண்டிப் பின்னால் கசிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். மிதி இறங்கியும் தொட்டியில் அளவு குறையாததற்குக் காரணம் இதுதான். ஒரே உருளையில் இரண்டு பிஸ்டன்களை வரிசையாக வைப்பது, ஒரு பிரேக் சுற்று (திரவம் செல்லும் தனிக் குழாய்வழி) பழுதானாலும் மற்றது வேலை செய்யட்டும் என்பதற்காக.

சுவர் அரிப்பதற்கு முக்கியக் காரணம் ஈரம். கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும். ஈரமேறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரியாகிவிடுகிறது. அந்த ஈரமே உருளைச் சுவரிலும் துருப் புள்ளிகளை உண்டாக்குகிறது. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் எட்டாத ஆழப் பகுதியில் துரு கேட்பாரற்று வளர்கிறது. பழைய வண்டியில் ஏர் எடுப்பதற்காக (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்காக) மிதியைத் தரைவரை மிதித்ததும் கப்பின் உதடு அந்தத் துருவில் உரசிக் கிழிந்துபோவது இதனால்தான்.

ஆகவே பிரித்துக் கட்டும் வேலையில் முடிவெடுக்க வேண்டிய இடம் கிட் (புது ரப்பர் பாகங்களின் தொகுப்பு) அல்ல, சுவர். பிஸ்டன் வெளிவராமல் தடுக்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்றிப் பிஸ்டன்களையும் ஸ்பிரிங்குகளையும் வெளிவந்த வரிசையிலேயே வைத்துவிட்டு, உருளையைத் துடைத்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பில் மேலோட்டமான கறை மட்டும் இருந்தால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் இலேசாக ஹோனிங் (சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றுதல்) செய்யலாம். அலுமினியத்தில் அது கூடாது. சுவரைக் காக்கும் கடினப் படலம் உரிந்துபோகும். எந்த உலோகமானாலும் ஆழமான குழியோ கீறலோ இருந்தால் புது சிலிண்டர் போடுவதே சரி. பழுதான பழைய சிலிண்டரில் புது கப்பைப் போடுவது பழுதை ஒத்திப்போடுவதாகவே முடியும்.

பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது; கிளைக்கால் வகைத் திரவத்துக்கென்று செய்த ரப்பர், இவை போன்ற கனிம எண்ணெய் பட்டால் ஊதி உருக்குலைந்துவிடும். புதுப் பிரேக் ஆயிலைத் தடவி, ஒவ்வொரு உதடும் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். வண்டியில் பொருத்துமுன் வைஸில் (மேசைப் பிடிகருவி) பிடித்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுவது நல்லது. பொருத்திய பின் சக்கரங்களிலும் ஏர் எடுக்க வேண்டும்.

தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே குறிப்பிட்ட சிறு இடைவெளியும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கால் எடுத்த பிறகும் கப் நுண்துளையை மூடியே நிற்கும். சூட்டில் விரியும் திரவம் தொட்டிக்குத் திரும்ப வழியின்றி, ஓட ஓடப் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும்.