மாமன் ஜாடையும் மாமன் நோயும்

"பெரியவன்லா அவன் மாமனை உரிச்சு வச்சிருக்கான், சின்னவனுக்கு எப்படிம்மா வரும்?"

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு என்னைப் பார்க்க வந்த ஆச்சி ஒருவர் கேட்டது இது. பேரன்களின் தாய்மாமனான அவர் மகனுக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் லேசில் உறையாத நோய். மூட்டுக்குள்ளே கசிந்து கசிந்து ஒரு முழங்கால் மடங்காமலே போய்விட்டது. அதனால் மாமன் ஜாடையில் பிறந்த மூத்த பேரனை விளையாடக்கூட விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார்கள். அப்பா ஜாடையில் இருந்த சின்னவன் உடம்பெல்லாம் கன்றிப் போய்த் திரிந்தபோது 'சேட்டைக்காரப் பய' என்று விட்டுவிட்டார்கள். ஆடிய பல்லைப் பிடுங்கியபோது விடிய விடிய ரத்தம் நிற்கவில்லை. பல் டாக்டரிடம் மாமனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சின்னவனுக்கு ஃபேக்டர் 8, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று, வெறும் 3 சதவீதம். பெரியவனுக்கு ஒரு குறையும் இல்லை.

முகஜாடை ஒரு மரபணுவின் வேலை இல்லை. பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து செய்வது. ஃபேக்டர் 8 மரபணுவோ, ஆண் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியில் இருக்கிறது. மெண்டல் பட்டாணியில் நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்த கணக்கு பள்ளியில் படித்திருப்பீர்கள். 556 விதையில் சுருங்கியது 133, அதில் பச்சை 32, ஏறக்குறைய கால் பங்கு. உருண்டை விதையிலும் பச்சை அதே கால் பங்குதான். வடிவத்தைப் பார்த்து நிறத்தைச் சொல்ல முடியாது, அது போலத்தான் மூக்கைப் பார்த்து ரத்தத்தைச் சொல்வதும்.

ஆனால் எல்லா மரபணுவும் இப்படித் தனித்தனியாகப் போவதில்லை. பிச்சிப்பூச் சரம் இரண்டை ஒரே இடத்தில் அறுத்து, துண்டுகளை மாற்றி முடிந்தால், பக்கத்துப் பக்கத்தில் இருந்த பூக்கள் பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே போகும், தூரத்தில் இருந்தவைதான் பிரியும். கருமுட்டை உருவாகும்போது அம்மாவின் இரண்டு எக்ஸும் இப்படித்தான் துண்டு மாற்றிக்கொள்கின்றன.

இந்த வீட்டில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். மாமனுக்கு நிறக்குருடும் உண்டு, தக்காளியில் காய் எது பழம் எது என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாராம். சிவப்பு, பச்சை பிரித்தறியும் மரபணுக்கள் ஃபேக்டர் 8-க்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சரி என்று பையன்கள் இருவரிடமும் நிறக்குருடைக் கண்டுபிடிக்கும் புள்ளி எண் படங்களைக் காட்டினேன். பெரியவன் கடகடவென்று வாசித்தான். சின்னவன் எல்லோருக்கும் தெரிகிற முதல் அட்டையைத் தவிர மற்றதிலெல்லாம் "எண்ணே இல்லையே" என்றான். ஆச்சியின் ஒரே எக்ஸிலிருந்து இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. மரபியல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் ஜூலியா பெல்லும் 1937-இல் குடும்பங்களை அலசி எழுதியது இந்தப் பிணைப்பைத்தான். அந்த ஹால்டேன் பிற்பாடு இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் இறந்தவர்.

அதற்காக நிறம் தெரியாத பையனையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிறக்குருடர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எந்தக் கோளாறும் கிடையாது. அம்மாவின் ஒரு எக்ஸில் ஹீமோபிலியாவும் மற்றதில் நிறக்குருடும் இருந்தால் கணக்கே தலைகீழ், நிறம் தெரியாத பிள்ளைதான் அநேகமாகத் தப்பித்த பிள்ளை. ஃபேக்டர் 9 குறைகிற ஹீமோபிலியா பி-யில் மரபணு கொஞ்சம் தள்ளி இருப்பதால் பிணைப்பும் தளர்வு. அட்டையை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது, ரத்தப் பரிசோதனைதான். தாய்மாமனுக்கு இந்த நோய் இருந்தால் எந்த ஜாடைப் பையனானாலும் பல் பிடுங்குவதற்கு முன், காது குத்துவதற்கு முன், சுன்னத்துக்கு முன் ஃபேக்டர் அளவைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது ஆச்சி வாசலில் நின்று, "சின்ன மக ஆறு மாசம் முழுகாம இருக்கா" என்றார். அவளும் அந்த எக்ஸைச் சுமக்கிறாளா என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ஃபேக்டர் 8 தானாகவே ஏறும், அதனால் அளவு சரியாக இருந்தாலும் நம்ப முடியாது, மரபணுப் பரிசோதனையே செய்ய வேண்டும். திங்கட்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், சின்னவனின் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.